திசு வளர்ப்புத் துளசியிலிருந்து ரோஸ்மரினிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

தோட்டத்துத் துளசி இலைக்கென்று எழுதப்பட்ட பிரித்தெடுப்பு முறையை அப்படியே குடுவையில் திசு வளர்ப்பு முறையில், அதாவது செடியின் சிறு துண்டை நுண்ணுயிரற்ற ஊட்டக்கலவையில் வைத்து வளர்த்த துளசிக்கும் பயன்படுத்துவது நம் ஆய்வகங்களில் பரவலாக உள்ள வழக்கம். இலை துளசிதான் என்றாலும், இரண்டும் ஒரே மூலப்பொருள் அல்ல. குடுவைச் செடியின் திசுவில் நீர் மிகுதி, மேல்தோல் மெழுகு குறைவு, செல்சுவர் மெல்லியது. ஊட்டக்கலவையிலிருந்து உறிஞ்சிய சர்க்கரை திசுவுக்குள்ளும் வெளியிலும் நிறைந்திருக்கிறது. இந்த வேறுபாடுகளைக் கணக்கில் கொள்ளாமல் கரைப்பானின் விகிதத்தையும் வெப்பநிலையையும் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், கிடைக்கும் எண்கள் உயர்ந்தாலும் அவை எதை அளக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இவ்வழிகாட்டி கரைப்பானுக்கு முந்தைய படிகளுக்கே அதிக இடம் தருகிறது. மிகுந்த விளைவு தரும் உகந்த நிலையின் பெரும்பகுதி அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து.

எதை உயர்த்தப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துளசியில் யூஜெனால், உர்சாலிக் அமிலம், ஏபிஜெனின், லூட்டியோலின் எனப் பல சேர்மங்கள் உள்ளன. இவற்றுள் நீர் கலந்த ஆல்கஹாலில் எளிதில் கரைவதும், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வலிமையில் முன்னிற்பதும் ரோஸ்மரினிக் அமிலம். 1958-இல் ரோஸ்மேரிச் செடியிலிருந்து முதன்முதலாகப் பிரிக்கப்பட்ட இச்சேர்மம், காஃபிக் அமிலமும் டைஹைட்ராக்சிஃபீனைல்லாக்டிக் அமிலமும் இணைந்த எஸ்டர். மூலக்கூறு எடை 360. செடி இதனை ஃபீனைல்அலனின், டைரோசின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து தயாரிக்கிறது. திசு வளர்ப்பில் இது மிகுதியாகச் சேரக்கூடியது என்பது புதிய செய்தியன்று. 1970-களிலேயே ஜெர்மனியில் கோலியஸ் செடியின் செல் வளர்ப்புகளில், உலர் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டிய அளவில் இது பெறப்பட்டது. துளசியும் கோலியஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உகந்த நிலையைத் தேடும்போது ஒரு கிராம் உலர் பொடியிலிருந்து எத்தனை மில்லிகிராம் ரோஸ்மரினிக் அமிலம் கிடைத்தது என்பதையே முதன்மை விளைவாக வையுங்கள். மொத்த ஃபீனால் அளவும், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வலிமையை அளக்கும் டிபிபிஎச் சோதனையின் முடிவும் துணை விளைவுகளாக இருக்கட்டும். சாற்றை ஆவியாக்கி எஞ்சிய எடையை மட்டும் விளைவாகக் கொள்ளவே வேண்டாம். குடுவைச் செடியின் சாற்றில் கணிசமான பங்கு சர்க்கரையாக இருக்கும் என்பதால், எடை உயரும் திசை ஃபீனால் உயரும் திசையாக இருக்க வேண்டிய தேவையில்லை.

படி 1: ஒரே தாய்ச்செடியிலிருந்து வளர்ப்பைத் தொடங்குதல்

கருந்துளசி, வெண்துளசி ஆகிய வகைகளுக்கிடையே மட்டுமன்றி, ஒரே வகையின் செடிகளுக்கிடையிலும் ஃபீனால் அளவு வேறுபடும். எனவே ஒரே தாய்ச்செடியின் கணுத்துண்டுகளை மட்டும் எடுத்துப் பெருக்க வேண்டும். 1 முதல் 1.5 செ.மீ. நீளமுள்ள கணுத்துண்டுகளை ஓடும் நீரில் அரை மணி நேரம் கழுவி, வடிகட்டிய காற்று வீசும் லாமினார் மேடையில் 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடமும், ஒரு துளி ட்வீன்-20 (நனைப்பான்) சேர்த்த 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 8 முதல் 10 நிமிடமும் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் நான்கு முறை அலச வேண்டும். பல ஆய்வகங்களில் இன்னும் மெர்க்குரிக் குளோரைடு புழக்கத்தில் உள்ளது. உட்கொள்ளும் சாறு எடுக்க எண்ணும் செடிக்குப் பாதரச உப்பைத் தொட வேண்டாம். அதன் கழிவை முறையாக அகற்றும் வசதியும் பெரும்பாலான இடங்களில் இல்லை.

ஊட்டக்கலவைக்கு 1962-இல் வெளியான முராஷிகே–ஸ்கூக் கலவையே போதும். லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், 8 கிராம் அகர், பிஎச் 5.8, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் என்பது வழக்கமான முறை. தண்டுகள் பெருகுவதற்கு லிட்டருக்கு 1 மி.கி. பிஏபி என்ற ஹார்மோனைச் சேர்த்துத் தொடங்கலாம். ஆனால் அறுவடைக்கு முந்தைய கடைசிச் சுற்றை ஹார்மோன் இல்லாத கலவையில் நடத்துவது நல்லது. வெப்பநிலை 25 டிகிரி, ஒளி 16 மணி, இருள் 8 மணி. காற்றோட்டமுள்ள மூடியைப் பயன்படுத்தினால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நீர்கோத்த தண்டுகள் குறையும். அத்தகைய தண்டுகள் எடை காட்டுமே தவிர ஃபீனால் தருவதில்லை; அவற்றை அறுவடையில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: அறுவடைக்கு முன் தூண்டுதல்

ரோஸ்மரினிக் அமிலம் செடியின் தற்காப்புக்கு உதவும் சேர்மம். அதனால் தாக்குதல் வந்துவிட்டதுபோன்ற குறிப்பைக் கொடுத்தால், ஃபீனைல்அலனின் அம்மோனியா லயேஸ் நொதியின் செயல்பாடு கூடி, அதன் உற்பத்தி பெருகுகிறது. மெத்தில் ஜாஸ்மோனேட் இதற்கு நன்கு அறியப்பட்ட தூண்டி. அதை எத்தனாலில் கரைத்து வடிகட்டி, திரவ ஊட்டக்கலவையில் 50 அல்லது 100 மைக்ரோமோலார் அளவில் சேர்த்து, 24, 48, 72 மணி நேரங்களில் மாதிரி எடுத்துப் பாருங்கள். தூண்டி இல்லாமல் அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுக் குடுவைகளும் இருக்க வேண்டும். தூண்டுதல் கடுமையானால் வளர்ச்சி நின்று இலை மஞ்சளாகும். கிராமுக்கான அளவு கூடி, குடுவைக்கான மொத்த அளவு குறைந்துபோகும் நிலை அடிக்கடி ஏற்படுகிறது. ஆகவே இரண்டையும் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும்.

தூண்டுதல் ஆய்வையும் பிரித்தெடுப்பு ஆய்வையும் ஒரே சமயத்தில் கலந்து நடத்த வேண்டாம். முதலில் அறுவடை நாளையும் தூண்டுதலையும் நிலைப்படுத்திக்கொண்டு, அதில் கிடைக்கும் ஒரே தொகுதிப் பொடியில் பிரித்தெடுப்பு ஆய்வு முழுவதையும் முடிப்பதே சரியான வரிசை.

படி 3: கழுவுதல், உறையவைத்தல், உலர்த்துதல்

குடுவையிலிருந்து செடியை இடுக்கியால் மெல்ல இழுத்தால், அடித்தண்டைச் சுற்றிக் கூழ்போன்ற அகர் ஒட்டிக்கொண்டு வரும். வேர்கள் இருந்தால் அவற்றின் இடுக்குகளிலும் அது புகுந்திருக்கும். அதில் உள்ளது பெரும்பாலும் சர்க்கரைக் கரைசல். ஆட்டோகிளேவின் வெப்பத்தாலும் செடியின் இன்வர்டேஸ் நொதியாலும் சுக்ரோஸ் பிளந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டாகின்றன. இவை ஒடுக்கும் சர்க்கரைகள். மிகுந்த அளவில் இருந்தால், மொத்த ஃபீனாலை நீல நிறத்தால் அளக்கும் ஃபோலின்–சியோகால்டோ சோதனையின் காரச் சூழலில் இவையும் நீல நிறம் தரும். ஃபீனால் என்று நாம் எழுதிக்கொள்ளும் எண்ணில் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடுகிறது. ஊட்டக்கலவை பழுப்பாவதைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலம் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது ஃபோலின், டிபிபிஎச், ஃபிராப் (இரும்பை ஒடுக்கும் திறனை அளப்பது) ஆகிய மூன்று சோதனைகளிலும் வினைபுரியும்.

எனவே அடித்தண்டில் அகர் படிந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, செடியைக் காய்ச்சி வடித்த நீரில் விரைவாக மூன்று முறை அலச வேண்டும். கடைசி அலசல் நீரின் ஒரு துளியைக் கைக்கடக்கமான பிரிக்ஸ் மானியில் (சர்க்கரை அளவியில்) வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். இது ஒரு நிமிட வேலை. பின்னால் வரும் பல நாள் குழப்பத்தைத் தவிர்த்துவிடும். நீரில் நெடுநேரம் ஊறவிட வேண்டாம்; மெல்லிய திசுவிலிருந்து ஃபீனாலும் வெளியேறும்.

அலசிய செடியை வடிதாளில் ஒற்றி எடைபோட்டவுடன், திரவ நைட்ரஜனில் அமிழ்த்த வேண்டும். தாமதித்தால் நடப்பது கண்ணுக்கே தெரியும்: வெட்டிய விளிம்பு சில நிமிடங்களில் பழுப்பாகும். செல் உடைந்ததும், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியும் ரோஸ்மரினிக் அமிலமும் சந்திப்பதால் ஏற்படும் இழப்பு அது. உறைந்த திசுவை உறைஉலர்த்தியில் காயவைப்பது சிறந்தது. அவ்வசதி இல்லாதவர்கள் 40 டிகிரி சூட்டடுப்பில் மெல்லிய பரப்பாக உலர்த்தலாம். ஆனால் முதன்முறை சிறு அளவில் இரண்டு வழிகளிலும் உலர்த்தி, இழப்பு எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

உறைஉலர்த்தல் நொதியை அழிப்பதில்லை என்பதைக் கவனத்தில் வையுங்கள். பொடியில் வெறும் நீர் பட்டவுடன் நொதி மீண்டும் இயங்கத் தொடங்கும். நீர்ச்சாறு சில நிமிடங்களில் தேநீர் நிறத்துக்கு மாறுவதும், 60 சதவீத எத்தனால் சாறு பச்சையாகவே நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

உலர்த்தாமல் பச்சைத் திசுவிலேயே சாறு எடுப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 92 சதவீத நீருள்ள 10 கிராம் திசுவில் 9.2 மி.லி. நீர் இருக்கிறது. அதன்மேல் 20 மி.லி. 80 சதவீத எத்தனால் ஊற்றினால், 16 மி.லி. எத்தனால் ஏறத்தாழ 29 மி.லி. கலவையில் இருக்கும், அதாவது உண்மையில் அங்குள்ள கரைப்பான் 55 சதவீத எத்தனால். தோட்டத்து இலையில் நீர் இதைவிடக் குறைவு என்பதால், ஒரே புட்டியிலிருந்து ஊற்றினாலும் இரண்டுக்கும் ஒரே கரைப்பான் அமைவதில்லை.

உலர்ந்த திசுவை அரைத்து, 0.5 மி.மீ. சல்லடையில் சலித்து, முழுவதையும் ஒன்றாகக் கலந்து, இருண்ட நிறப் புட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். ஆய்வு முழுவதற்கும் சுமார் 15 கிராம் பொடி தேவைப்படும்; 8 சதவீத உலர் பொருள் என்று கொண்டால், ஏறத்தாழ 190 கிராம் பச்சைத் திசுவை அறுவடை செய்ய வேண்டியிருக்கும். குடுவைகளின் எண்ணிக்கையை அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

படி 4: எல்லைகளைக் கண்டறியும் முன்னோட்டம்

மெத்தனால் நன்றாகவே பிரித்தெடுக்கும். ஆனால் மருந்துப் பொருள்களில் எஞ்சும் கரைப்பானுக்கான ஐசிஎச் என்ற பன்னாட்டு மருந்துத் தர அமைப்பின் வழிகாட்டுதல் அதனை இரண்டாம் வகுப்பில் வைத்து, உச்ச அளவாக 3000 பிபிஎம் வகுத்திருக்கிறது. எத்தனால் நச்சு குறைந்தவற்றுக்கான மூன்றாம் வகுப்பில் உள்ளது. சாறு பகுப்பாய்வுக்கு மட்டும் என்றால் மெத்தனால் போதும். மனிதர் பயன்பாடு நோக்கமென்றால் முதல் நாளிலிருந்தே எத்தனாலில் பணிசெய்யுங்கள். நம் நாட்டில் தூய எத்தனால் வாங்க ஆயத்தீர்வை அனுமதி தேவைப்படுவதால், அதற்கான விண்ணப்பத்தை வளர்ப்பைத் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

0.5 கிராம் பொடிக்கு 10 மி.லி. கரைப்பான் என்ற விகிதத்தில், எத்தனால் செறிவை 0, 20, 40, 60, 80, 100 சதவீதம் என மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்து அளக்க வேண்டும். பொதுவாக நடுப்பகுதியில் மேடு தோன்றும். நீர் செல்சுவரை ஊறவைத்து விரிக்கிறது. எத்தனால் ஃபீனாலைக் கரைத்து, நொதியையும் முடக்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும். தூய எத்தனால் திசுவை இறுகச்செய்து, பச்சையத்தையும் மெழுகையும் கூடுதலாக இழுத்து வரும். கரைப்பானில் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால், ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடையாமல் நிலைத்திருக்க உதவும்.

அடுத்து நேரம்: 5, 10, 20, 40, 60 நிமிடங்கள். ஏறும் கோடு எங்கே சமதளமாகிறது, எங்கே இறங்கத் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்களை உடைத்துப் பிரித்தெடுப்பை விரைவாக்க மீயொலித் தொட்டியைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு செய்திகளைச் சோதித்தாக வேண்டும். ஓடும் தொட்டியின் நீர் தானாகவே சூடேறும். திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், குடுவைக்குள் இருக்கும் கரைப்பானிலேயே வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், பனிக்கட்டி இல்லாமல் 30 டிகிரியை நிலைநிறுத்த இயலாது. அங்கே கீழ் எல்லையை 35 என்று வைப்பதே நேர்மை. மேலும், தொட்டியில் எல்லா இடத்திலும் மீயொலி ஒரே வலிமையில் இருப்பதில்லை. ஓர் அலுமினியத் தாளைத் தொட்டிக்குள் செங்குத்தாக ஒரு நிமிடம் பிடித்து எடுத்தால், வலிமை மிக்க இடங்களில் அது பொத்தல் பொத்தலாகியிருக்கும். குடுவைகளை எப்போதும் அந்த ஒரே இடத்தில், ஒரே நீர்மட்டத்தில் வைக்க வேண்டும்.

எத்தனை முறை பிரித்தெடுப்பது என்ற கேள்விக்கும் கணக்கே விடை தருகிறது. ஒரு கிராம் பொடிக்கு 20 மி.லி. ஊற்றி, மையவிலக்கியில் சுழற்றி வடித்தபின், 3 மி.லி. கரைப்பான் சக்கையிலேயே தங்குகிறது என்று கொள்வோம். சேர்மம் முழுதும் கரைந்திருந்தாலும், முதல் முறை கைக்கு வருவது 85 சதவீதம்தான். மீண்டும் 20 மி.லி. ஊற்றி 20 மி.லி. எடுத்தால் மொத்தம் 98 சதவீதம். மூன்றாம் முறையில் 99.7 சதவீதம். உண்மை விளைவு இதற்கும் குறைவாக வந்தால், சேர்மம் இன்னும் செல்லுக்குள் சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போதுதான் நேரத்தையும் வெப்பத்தையும் கூட்டுவதில் பயன் உண்டு. சக்கையில் தங்கும் அளவை எடைபோட்டு அறிந்துகொள்ளாமல் நிலைமைகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

படி 5: காரணிகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்தல்

ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாக மாற்றிப் பார்ப்பது எல்லைகளைத் தருமே தவிர, உகந்த நிலையைத் தராது; வெப்பம் உயரும்போது தேவையான நேரம் குறையும் என்பதுபோன்ற கூட்டு விளைவுகள் அதில் தெரிவதில்லை. மூன்று காரணிகளுக்கு 1960-இல் அறிமுகமான பாக்ஸ்–பென்கன் வடிவமைப்பு (காரணிகளைச் சேர்த்து மாற்றிப் பார்க்கும் ஆய்வுத் திட்டம்) பொருத்தமானது. எத்தனால் 40, 60, 80 சதவீதம். வெப்பநிலை 35, 47.5, 60 டிகிரி. நேரம் 10, 25, 40 நிமிடம் என்று வைத்தால், விளிம்புப் புள்ளிகள் 12, மையப்புள்ளியின் மறுசெய்கைகள் 5 என 17 ஓட்டங்கள் (தனித்தனிச் சோதனைகள்). மூன்று காரணிகளும் ஒருசேர உச்சத்தில் நிற்கும் ஓட்டம் இதில் இல்லை. சூட்டில் சிதையும் சேர்மத்துக்கு இது வசதி.

ஓட்டங்களின் வரிசையைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். 40 சதவீத ஓட்டங்களையெல்லாம் ஒரே காலையில் முடித்துவிடும் வசதிக்கு இடம் கொடுத்தால், அன்றைய அறை வெப்பமும் கரைப்பானின் விளைவும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

முடிவுகளை இருபடிச் சமன்பாட்டில் பொருத்தும்போது, ஆர்-ஸ்கொயர் (சமன்பாடு தரவுகளுடன் பொருந்தும் அளவு) 0.98 என்று வந்ததுமே நிறைவடைந்துவிட வேண்டாம். 10 குணகங்களை 17 தரவுகளில் பொருத்தினால் அது உயர்வாகத்தான் வரும். பொருந்தாமைச் சோதனை புள்ளியியல் முக்கியத்துவம் அற்றதாக இருக்கிறதா, திருத்திய ஆர்-ஸ்கொயரும் கணித்த ஆர்-ஸ்கொயரும் 0.2-க்குள் நெருங்கியுள்ளனவா, எச்சங்கள் (அளந்த மதிப்புக்கும் சமன்பாடு தரும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகள்) ஒழுங்கின்றிச் சிதறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். உச்சம் எல்லையின் விளிம்பில் விழுந்தால் அது உகந்த நிலை ஆகாது. எல்லையை அத்திசையில் நகர்த்தி மீண்டும் செய்ய வேண்டும் என்பதற்கான அறிகுறி. சமன்பாடு சொல்லும் நிலையில் குறைந்தது மூன்று தனிப் பிரித்தெடுப்புகள் செய்து, விளைவு 95 சதவீதக் கணிப்பு இடைவெளிக்குள் விழுகிறதா என்று உறுதிப்படுத்திய பிறகே அதை அறிவிக்கலாம்.

படி 6: அளவிடுதல்

எச்பிஎல்சி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ நிறப்பகுப்பு) அளவீட்டுக்கு சி18 தூண், 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் சேர்த்த நீரும் அசிட்டோநைட்ரைலும் கொண்ட ஏறுவரிசை ஓட்டம், 330 நானோமீட்டர் அலைநீளம் ஆகியவை போதுமானவை. சாற்றை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மில்லிலிட்டருக்கு 5 முதல் 100 மைக்ரோகிராம் வரையிலான தரப்பொருள் கோட்டுடன் ஒப்பிட வேண்டும். அறிந்த அளவு ரோஸ்மரினிக் அமிலத்தைப் பிரித்தெடுப்புக்கு முன்பே பொடியில் சேர்த்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது அவசியம். சாற்றில் சேர்த்துப் பார்த்தால் கருவியின் பிழை மட்டும்தான் தெரியும். பிரித்தெடுப்பின்போது சிதைந்தது தெரியாது.

ஃபோலின் சோதனையை 765 நானோமீட்டரில் காலிக் அமில ஈடாகக் கணக்கிடலாம். சாற்றின் ஒரு பகுதியைச் சிறு சி18 வடிகுழலில் ஏற்றி, அமிலமூட்டிய நீரால் சர்க்கரையைக் கழுவி வெளியேற்றி, மெத்தனாலால் ஃபீனாலை இறக்கி அளந்தால், கழுவாத சாற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சர்க்கரையின் குறுக்கீட்டைக் காட்டிவிடும். டிபிபிஎச் சோதனையில் 0.1 மில்லிமோலார் கரைசலுடன் 30 நிமிடம் இருளில் வைத்து 517 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். கருந்துளசியின் ஆந்தோசயனின் அமிலச் சாற்றில் 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். டிபிபிஎச் சேர்க்காத சாற்று வெற்று மாதிரியைக் கழிக்காவிட்டால், சாற்றின் வலிமை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஐசி50 மதிப்பு (பாதி டிபிபிஎச்-ஐச் செயலிழக்கச் செய்யத் தேவையான சாற்றுச் செறிவு) டிபிபிஎச்-இன் தொடக்கச் செறிவைப் பொறுத்து மாறுவதால், டிரோலாக்ஸ் என்ற ஒப்பீட்டு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியின் ஈடாகவும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். அதே நாளில், அதே முறையில் தோட்டத்துத் துளசி இலை ஒன்றையும் அளந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

படி 7: பெரிய அளவுக்கு மாற்றுதலும் சேமிப்பும்

உச்சத்தைச் சுற்றியுள்ள பரப்பு பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். 62 சதவீத எத்தனாலும் 52 டிகிரியும் உச்சம் என்று கணினி காட்டினாலும், 55 சதவீதத்திலும் 45 டிகிரியிலும் விளைவு ஒன்றிரண்டு சதவீதமே குறைகிறது என்றால், எத்தனாலும் மின்சாரமும் மிச்சமாகும் அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதே மேல். 10 மி.லி. குழாய் விரைவில் சூடேறும். 5 லிட்டர் கலன் சூடேறவே கால் மணி நேரம் ஆகலாம் என்பதால், வெப்பநிலையை எட்டிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். மீயொலியின் வாட் அளவை லிட்டருக்கு எவ்வளவு என்று கணித்து ஈடுசெய்யாவிட்டால், சிறு அளவில் கண்ட நேரம் பெரிய அளவில் பொருந்தாது.

சேர்த்த சாற்றிலிருந்து எத்தனாலை வெற்றிட ஆவியாக்கியில் 40 டிகிரிக்கு மேற்படாமல் நீக்கி, மீதியை உறைஉலர்த்த வேண்டும். கிடைக்கும் பொடி சர்க்கரை மிகுதியால் காற்றின் ஈரத்தை விரைந்து இழுத்துப் பிசுபிசுப்பாகும். எனவே உலர்ந்த உடனே சிறு சிறு புட்டிகளில் பிரித்து, நைட்ரஜன் நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு புட்டியை மட்டும் திறக்க வேண்டும். தயாரித்த நாளிலும், 1, 3, 6 மாதங்களிலும் ஒவ்வொரு புட்டியை எச்பிஎல்சியில் அளந்து, ரோஸ்மரினிக் அமிலம் குறைவதோடு காஃபிக் அமிலத்தின் முகடு உயர்கிறதா என்று பாருங்கள். அது உயர்ந்தால் எஸ்டர் பிணைப்பு உடைகிறது, பொடியில் ஈரம் மிஞ்சியிருக்கிறது என்று கொண்டு உலர்த்தும் நேரத்தை நீட்டிக்க வேண்டும்.